முதுகெலும்பு அறுவையில் பெட்டாடின் கழுவல்: எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம், எப்போது கூடாது?

மார்த்தாண்டம் தியேட்டர் சிஸ்டர் | இரவு 8.40

முதுகெலும்பில் ஸ்க்ரூ, ராடு போடும் கேஸ்களில் தையலுக்கு முன்னால் காயத்தைப் பெட்டாடின் கலந்த சலைனால் கழுவுவதை எழுத்து நடைமுறையாக்கி, தியேட்டர் சுவரில் ஒட்டப்போகிறோம். வரைவு இது. தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

"500 மி.லி. சலைனில் 3.5 சதவீதம் வருமாறு பெட்டாடின் கலக்கவும். காயத்தில் ஊற்றி உடனே சக்‌ஷனால் எடுக்கவும். பிறகு 500 மி.லி. வெறும் சலைன். ரத்தக் கசிவு நிற்காவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு. அயோடின் அலர்ஜி, மீன் அலர்ஜி உள்ளவர்களுக்கு வேண்டாம்."

வடசேரி ஸ்பைன் | இரவு 9.05

சிஸ்டர், நல்ல வேளை ஒட்டுவதற்கு முன்னால் கேட்டீங்க. அஞ்சு வரியில் அஞ்சு திருத்தம் இருக்கு. முதல் வரிதான் அதிகம் பயப்பட வேண்டியது.

அந்த 3.5 என்ற எண் 2005-ல் தைவானிலிருந்து வந்த ஆய்விலிருந்து பரவியது. 414 நோயாளிகள். 208 பேருக்கு அறுவை முடியும்போது நீர்த்த பெட்டாடினில் காயத்தை 3 நிமிடம் ஊறவைத்தார்கள், 206 பேருக்கு அது இல்லை. ஊறவைத்த பக்கம் ஒரு தொற்றும் இல்லை. மறுபக்கம் 6 ஆழமான தொற்று, 1 மேலோட்டமான தொற்று. கட்டுரையில் "3.5 சதவீத பெட்டாடின்" என்று இருக்கும். அதற்கு அர்த்தம், கடையில் வரும் 10 சதவீதக் கரைசலை எடுத்து அதில் 3.5 பங்கை 100 பங்காக நீர்ப்பது. பெட்டாடினில் உள்ள மருந்தான போவிடோன் அயோடின் கணக்கில் அது 0.35 சதவீதம். 3.5 என்று அப்படியே படித்துக் கலந்தால் பத்து மடங்கு காரம் போய்விடும்.

கணக்கு:

10 சதவீத பாட்டில் என்றால், மொத்தம் 500 மி.லி. வர 17.5 மி.லி. போதும். 1 லிட்டருக்கு 35 மி.லி.

5 சதவீத பாட்டில் என்றால், 500-க்கு 35 மி.லி. 1 லிட்டருக்கு 70 மி.லி.

500 மி.லி. சலைனிலிருந்து அளவாக எடுத்துக் களைந்துவிட்டுச் சேர்க்கணுமா என்று கேட்பார்கள். தேவையில்லை. முழு பாட்டிலோடு 17.5 சேர்த்தால் 0.338 சதவீதம் வரும், வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனால் 10 என்று நினைத்து 5 சதவீத பாட்டிலில் 17.5 எடுத்தால் பாதிதான் இருக்கும். எந்த பாட்டில் என்பதைச் சுவரில் எழுதுங்க, மி.லி. மட்டும் எழுதாதீங்க.

கண் அளவுக்கு ஊற்றுவதை நிறுத்தணும். "கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) நிறம் வந்தா சரி" என்று பல தியேட்டர்களில் ஒரு வழக்கம் இருக்கு. 0.35 அந்த நிறத்தில்தான் இருக்கும், ஆனால் அதன் இரண்டு மடங்கும் கிண்ணத்தில் அதே நிறமாகத்தான் தெரியும். 20 மி.லி. சிரிஞ்சால் அளந்து எடுக்கணும்.

தக்கலை மருந்தாளுநர் | இரவு 9.22

பாட்டில் விஷயத்தில் இன்னும் இரண்டு சேர்க்கிறேன்.

ஒரே கம்பெனியின் பாட்டில்கள் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: 5 சதவீதக் கரைசல், 10 சதவீதக் கரைசல், 7.5 சதவீத ஸ்க்ரப். இந்த ஸ்க்ரப் கை கழுவவும் தோலைத் தேய்க்கவும் மட்டும் ஆக்கும். அதில் சோப்பு போன்ற நுரைப்பான் இருக்கு, அது ஆழமான திசுவுக்குள் போகக் கூடாது. குலுக்கினால் நுரை கட்டி நிற்பது ஸ்க்ரப். ஆனால் அடையாளம் லேபிளைப் படித்துத்தான். ஸ்பிரிட் கலந்த அயோடினும் உண்டு, அதுவும் தோலோடு சரி.

இரண்டாவது, கிருமிநாசினி பாட்டிலுக்குள் கிருமி வளராது என்ற நம்பிக்கை தவறு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் போவிடோன் அயோடின் கரைசலுக்குள்ளேயே இன்றைக்கு பர்க்கோல்டேரியா செபேசியா என்று அழைக்கப்படும் கிருமி உயிரோடு இருந்து நோயாளிகளின் மாதிரிகளில் வந்தது. ஆகவே ஒரு நோயாளிக்கு ஒரு புது பாட்டில், அதுவும் லேபிளில் கிருமி நீக்கப்பட்டது என்று இருப்பதாகப் பார்த்து. நேற்று திறந்து பாதி மீந்த பாட்டில் தோலுக்குக்கூட நல்லதில்லை, இம்ப்ளான்ட் (உள்ளே வைக்கும் ஸ்க்ரூ, ராடு) இருக்கும் குழிக்குள் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலுக்கு ஊற்றி நிரப்பும் பழக்கம் எங்காவது இருந்தால் அதையும் நிறுத்துங்க.

கோட்டாறு மைக்ரோ | இரவு 9.48

"ஊற்றி உடனே எடுக்கவும்" என்ற வரிக்கு வருகிறேன். இந்த முறை வேலை செய்வதும் செய்யாததும் இங்கேதான்.

போவிடோன் என்பது அயோடினைக் கட்டி வைத்திருக்கும் பாலிமர். கிருமியைக் கொல்வது கட்டில் இருக்கும் அயோடின் அல்ல, விடுபட்டு நிற்கும் அயோடின். 10 சதவீதக் கரைசலில் கட்டு இறுக்கமாக இருப்பதால் விடுபட்டது குறைவு. நீர்க்க நீர்க்கக் கட்டு தளர்ந்து விடுபட்ட அயோடின் கூடும், ஏறத்தாழ 0.1 சதவீதம் வரைக்கும் கூடிக்கொண்டே போய், அதற்குக் கீழே நீர்த்தால் மறுபடியும் குறையும். அதனால்தான் காரமாக ஊற்றுவதால் லாபம் இல்லை. நீர்த்தது வேகமாகக் கொல்லும், திசுவுக்கும் சேதம் குறைவு. பரிசோதனைக் கூடத்தில் காரமான கரைசல் எலும்பு வளர்க்கும் செல்களையும் தோல் வளர்க்கும் செல்களையும் கொல்கிறது.

அப்படியானால் 0.1 சதவீதமே போதாதா? போதாது. நீர்த்த கரைசலில் கையிருப்பு கம்மி. ரத்தம், கொழுப்பு, எலும்புத் தூள் எல்லாம் அயோடினைத் தின்றுவிடும். நிறம் வெளுத்துப் போகிறது என்றால் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். 0.35 என்பது வேகத்துக்கும் கையிருப்புக்கும் நடுவில் நிற்கும் அளவு.

இதிலிருந்தே வரிசை வந்துவிடும். முதலில் வெறும் சலைனால் ரத்தக்கட்டி, எலும்புத் துகள், கருகிய திசு எல்லாவற்றையும் கழுவி எடுத்துவிடணும். ரத்தக் குளத்துக்குள் பெட்டாடின் ஊற்றினால் அது ரத்தத்தோடு சண்டை போட்டு முடிந்துவிடும். பிறகு குழி நிறையும்வரை ஊற்றி, 3 நிமிடம் கடிகாரம் பார்த்து விடணும். நடுவில் வெளுத்தால் உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றணும். கடைசியில் 2 லிட்டர் சலைன். 500 மி.லி. காணாது.

வடசேரி ஸ்பைன் | இரவு 10.02

டாக்டர் சொன்ன வரிசையோடு சில கைவேலைகள்.

ஊற்றும் முன் ரிட்ராக்டரை (காயத்தை விரித்துப் பிடிக்கும் கருவி) தளர்த்துங்க. இறுகப் பிடித்திருக்கும்போது பிளேடுக்குப் பின்னால் இருக்கும் தசை மடிப்புக்குள் கரைசல் போகாது. கிருமி ஒளிந்திருப்பதும், ரத்த ஓட்டம் குறைந்து செத்த தசை கிடப்பதும் அங்கேதான். நீண்ட கேஸில் மணிக்கு ஒருமுறை ரிட்ராக்டரைச் சில நிமிடம் தளர்த்துவது கழுவலைவிடக் குறைந்த வேலை இல்லை.

குப்புறப் படுத்த இடுப்புப் பகுதியில் கரைசல் குளமாக நிற்கும். கழுத்தின் பின்பக்கம் செய்யும்போது தலைப்பக்கம் உயர்த்தியிருந்தால் வழிந்து ஓடிவிடும். அங்கே நனைத்த காஸ் துணி வைத்து ஊறவைக்கலாம், ஆனால் எக்ஸ்ரேயில் தெரியும் கோடுள்ள காஸ் மட்டும், எண்ணி வைத்து எண்ணி எடுத்து.

எப்போது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 2005 ஆய்வில் அறுவையின் கடைசியில். அதே குழு 2006-ல் போட்ட இரண்டாவது ஆய்வில் எலும்பு ஒட்டு (எலும்புகளை இணைக்க வைக்கும் எலும்புத் துண்டுகள்), ஸ்க்ரூ இரண்டும் வைப்பதற்குச் சற்று முன்னால். அதில் 120 பேரில் தொற்று இல்லை, கழுவாத 124 பேரில் 6 ஆழமான தொற்று. என் பரிந்துரை: ஸ்க்ரூ போட்டு முடித்து, எலும்பு ஒட்டு வைப்பதற்கு முன்னால். ஒட்டு வைத்த பிறகு 2 லிட்டர் ஊற்றினால் ஒட்டு சக்‌ஷன் பாட்டிலுக்குத்தான் போகும். தசையுறையைத் தைத்த பிறகு தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அடுக்குக்கு இன்னொரு தடவை, குறைந்த நேரம், பிறகு சலைன்.

நாகர்கோவில் ஆர்த்தோ பிஜி | இரவு 10.20

சார், ஒரு சந்தேகம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகள் வெளியிடும் நைஸ் அமைப்பின் 2019 வழிகாட்டியில் தொற்றைக் குறைக்கும் நோக்கில் காயத்தைக் கழுவ வேண்டாம் என்று சொல்லியிருக்காங்க. தைவான் ஆய்வுகள் இரண்டும் ஒரே குழு. இதை வைத்துச் சுவரில் ஒட்டலாமா?

குலசேகரம் தொற்றுத் தடுப்பு | இரவு 10.41

நல்ல கேள்வி தம்பி. உலக சுகாதார நிறுவனம் 2016-ல், சுத்தமான அறுவைகளில் தைப்பதற்கு முன் நீர்ம போவிடோன் அயோடினால் காயத்தைக் கழுவுவதைப் பரிசீலிக்கலாம் என்றது. ஆன்டிபயாட்டிக் கலந்து கழுவக் கூடாது என்றும் அதே இடத்தில் சொன்னது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2017-ல் ஏறத்தாழ அதையே சொன்னது. இரண்டுமே "கட்டாயம்" என்று சொல்லவில்லை, ஆதாரத்தின் தரம் குறைவு என்பதை அவர்களே எழுதியிருக்காங்க. நைஸ் அதே குறைவைப் பார்த்து வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்தது.

நான் எந்தப் பக்கம் என்றால், இம்ப்ளான்ட் போடும் முதுகெலும்பு கேஸில் செய்யணும் என்ற பக்கம். 20 மி.லி.க்கும் குறைவான மருந்து, 3 நிமிடம். சரியாகச் செய்தால் ஆபத்து குறைவு. ஸ்க்ரூவில் தொற்று ஏறினால் மறுபடியும் திறந்து கழுவி, ஆறு வாரத்துக்குக் குறையாமல் மருந்து. ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கும் வள்ளத்தில் போகிறவருக்கும் அத்தனை நாள் கூலி போகும்.

ஆனால் தம்பி கேட்டதில் முக்கியமான பாதி இருக்கு. கழுவல் இருக்கிறது என்ற தைரியத்தில் மற்றது தளரக் கூடாது. செஃபாசோலின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி 2 கிராம், உடல் எடை 120 கிலோவுக்கு மேல் என்றால் 3 கிராம், கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போயிருக்கணும். 4 மணி நேரம் தாண்டினாலோ 1500 மி.லி.க்கு மேல் ரத்தம் போனாலோ மறு டோஸ். சர்க்கரை 200-க்குக் கீழே. முடியை ரேசரால் மழிக்கக் கூடாது, தேவைப்பட்டால் கிளிப்பர். இவற்றில் ஒன்று தவறினாலும் பெட்டாடின் வந்து ஈடுகட்டாது.

குளச்சல் மயக்க மருத்துவர் | இரவு 11.00

ஹைட்ரஜன் பெராக்சைடு வரியை அடித்துவிடுங்கள் சிஸ்டர். சிவப்பு மையால் அடித்துவிடுங்கள்.

நம் கடைகளில் வரும் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம், பாட்டிலில் "20 வால்யூம்" என்று இருக்கும். அந்த 20-க்கு அர்த்தம், 1 மி.லி. கரைசல் 20 மி.லி. ஆக்சிஜன் வாயுவை விடும். 20 மி.லி. ஊற்றினால் 400 மி.லி. வாயு, அதுவும் ஆழமான குறுகிய குழிக்குள். முதுகெலும்பு அறுவையில் நோயாளி குப்புறப் படுத்து வயிறு தொங்குகிறது; அதனால் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சிரைகளில் அழுத்தம் குறைந்து உள்ளே இழுக்கும் நிலை. ஸ்க்ரூ போட்ட எலும்பிலும் திறந்த சிரை வாய்கள் உண்டு. வாயு நேரே இதயத்துக்குப் போகும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014 டிசம்பரில், மூடிய குழிகளிலும் ஆழமான பெரிய காயங்களிலும் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மறுபடியும் எச்சரித்தது.

மயக்கத் திரையில் மூச்சு வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு சடாரென்று விழும், கூடவே ரத்த அழுத்தமும் விழும். அப்படி நடந்தால் காயத்தைச் சலைனால் மூழ்கடித்து, 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து, நைட்ரஸ் ஆக்சைடு ஓடினால் நிறுத்தணும். ரத்தக் கசிவுக்கு வேறு எத்தனையோ வழி இருக்கு.

எங்கள் பக்கத்திலிருந்து இன்னும் மூன்று. சலைன் உடல் வெப்பத்துக்கு இருக்கணும். குளிர்ந்த 2 லிட்டர் போனால் நோயாளியின் வெப்பம் 36 டிகிரிக்குக் கீழே இறங்கும், அதுவே தொற்றைக் கூட்டும். பெட்டாடின் ஊற்றும் முன்பு எனக்கு ஒரு குரல் கொடுங்கள்; ரத்தம் திருப்பி ஏற்றும் செல் சேவர் ஓடினால் அதன் சக்‌ஷனை மாற்றி சாதாரண சக்‌ஷனுக்குப் போகணும், அயோடின் கலந்த ரத்தத்தை நோயாளிக்குத் திருப்பி ஏற்றக் கூடாது. ஊற்றிய மொத்த மி.லி.யை எழுதித் தாருங்கள், இல்லாவிட்டால் பாட்டிலைப் பார்த்து ரத்த இழப்பை இரண்டு லிட்டர் கூட்டிக் கணக்குப் போட்டுவிடுவோம்.

மார்த்தாண்டம் தியேட்டர் சிஸ்டர் | இரவு 11.12

எல்லாம் குறித்துக்கொண்டேன். மீன் அலர்ஜி வரி? குளச்சல், முட்டம், குறும்பனை பக்கத்திலிருந்து வருகிறவர்களில் "எனக்கு இறால் தின்னா தடிக்கும்" என்று சொல்பவர்கள் நிறைய.

குளச்சல் மயக்க மருத்துவர் | இரவு 11.19

அந்த வரியையும் எடுத்துவிடுங்கள். இறால், நண்டு, கணவாய் ஒவ்வாமைக்குக் காரணம் பெரும்பாலும் அவற்றின் தசையில் இருக்கும் டிரோபோமயோசின் என்ற புரதம். அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் தைராய்டு ஹார்மோனிலேயே அயோடின் இருக்கு.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: "முன்னால் எப்போதாவது பெட்டாடின் போட்ட இடத்தில் தடித்ததா, கொப்பளம் வந்ததா?" ஆமாம் என்றால் அங்கே நின்று யோசிக்கணும். அதிலும், குப்புறப் படுத்தவரின் அடியில் ஈர பெட்டாடின் மணிக்கணக்கில் தேங்கினால் தோல் வெந்துபோகும். அது அலர்ஜி இல்லை, தேங்கியதால் வந்த புண். விலாவில் வழிவதைத் துடைத்து, நனைந்த துணியை மாற்றணும்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர், பெரிய தைராய்டு கட்டி உள்ளவர், கதிரியக்க அயோடின் ஸ்கேனோ சிகிச்சையோ எடுக்கப் போகிறவர், இவர்களைத் தனியாக எழுதுங்கள். சர்ஜனும் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

வடசேரி ஸ்பைன் | இரவு 11.30

வரைவில் இல்லாத ஒன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை: டியூரா, அதாவது தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறை.

டியூரா முழுசாக இருந்தால் 0.35 சதவீதத்தில் 3 நிமிடம் பிரச்சினை இல்லை. கிழிந்து தண்டுவட நீர் கசிந்தால் பெட்டாடின் கூடாது. தைத்து, மயக்க மருத்துவர் மூச்சழுத்தம் கொடுத்துப் பார்த்துக் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகும் நான் சலைனோடு நிறுத்துவதுதான் சரி என்பேன். கிழிசலை அடைக்க ஃபைப்ரின் பசை போட்டிருந்தால் அயோடின் அதையும் கெடுக்கும். ஊற்றிய பிறகுதான் கிழிசல் தெரிகிறது என்றால் உடனே நிறுத்தி, தாராளமாகச் சலைனால் கழுவி, நோட்ஸில் எழுதணும்.

தோலைத் துடைக்கும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் எந்த அளவிலும் இந்தக் குழிக்குள் வரக் கூடாது, அது நரம்புக்கும் மூளையுறைக்கும் விஷம். தோலைத் துடைத்ததும் அந்தக் கிண்ணம் மேசையை விட்டு இறங்கணும். நிறமில்லாத திரவங்கள் இரண்டு கிண்ணத்தில் லேபிள் இல்லாமல் நின்றால் எப்போதாவது ஒரு நாள் மாறும்.

நாகர்கோவில் ஆர்த்தோ பிஜி | இரவு 11.41

காயத்துக்குள் வான்கோமைசின் ஆன்டிபயாட்டிக் பவுடர் தூவுவதைப் பற்றி?

வடசேரி ஸ்பைன் | இரவு 11.50

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை 2013-ல் 907 பேரில் செய்த ஆய்வைப் படிங்க தம்பி. ஊசி ஆன்டிபயாட்டிக் மட்டும் போட்டவர்களில் 1.68 சதவீதம் தொற்று, கூடவே பவுடர் தூவியவர்களில் 1.61. வித்தியாசம் இல்லை. வெளிநாட்டு ஆய்வுகள் சில லாபம் காட்டின. அடிப்படைத் தொற்று விகிதம் குறைவாக இருக்கும் இடத்தில் பவுடரால் காட்ட முடிவது குறைவு. அதோடு, கிராம் நெகட்டிவ், கிராம் பாசிட்டிவ் என்ற இரண்டு வகைக் கிருமிகளில் அது முதல் வகையைத் தொடாது. இடுப்புக்குக் கீழே, மலவாய்க்குப் பக்கத்தில் முடியும் காயங்களில் வருவது அதிகம் அந்த முதல் வகைதான். அயோடின் இரண்டு வகையையும் கொல்லும். பவுடர் வேண்டும் என்றால், பெட்டாடினைக் கழுவி எடுத்த பிறகு.

பேசிட்ராசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்து கழுவும் பழைய வழக்கம் எங்காவது இருந்தால் விடுங்க. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 ஜனவரியில் அந்த ஊசிமருந்தைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது.

குலசேகரம் தொற்றுத் தடுப்பு | காலை 6.15

சிஸ்டர், நடைமுறையில் கவனிக்காமல் விடும் ஒன்று. சலைன் பாட்டிலின் கழுத்தைப் பிளேடால் வெட்டி ஊற்றுவது. பாட்டிலின் வெளிப்பக்கம் கிருமி நீக்கப்பட்டதல்ல. வெட்டிய விளிம்பைத் தொட்டு வழியும் தண்ணீர் அதையும் கழுவிக்கொண்டு கிண்ணத்துக்குள் போகும். இவ்வளவு பாடுபட்டுக் கலக்கும் கரைசல் அங்கேயே கெடும். திருகு மூடி உள்ள கழுவல் பாட்டில் வாங்குங்க. கிடைக்காவிட்டால் புது ஐ.வி. செட் ஒன்று: வெளியில் நிற்கும் சிஸ்டர் வாயைத் துடைத்துக் குத்தணும், மறுமுனையை ஸ்க்ரப் சிஸ்டர் கிண்ணத்துக்குப் பிடிக்கணும்.

நம்ம குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் துணி சுற்றிய கருவி செட்டுகள் அலமாரியிலேயே ஈரம் பிடிக்கும். தொட்டால் குளிர்ச்சியாக, நைந்தது போல இருந்தால் அது கிருமி நீக்கப்பட்டதாகக் கணக்கில்லை. நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குத் திருப்பி அனுப்புங்க, இண்டிகேட்டர் டேப்பில் கோடு கறுத்திருந்தாலும். ஜன்னலோர அலமாரியில் ஸ்பைன் செட் வைக்க வேண்டாம்.

ஸ்க்ரூ டிரேயைத் தேவை வரும்போது திறங்க. கேஸ் தொடங்கும்போதே திறந்து வைத்தால் மூன்று மணி நேரம் காற்றில் கிடக்கும். ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் மேல் கையுறையை மாற்றணும்.

மார்த்தாண்டம் தியேட்டர் சிஸ்டர் | காலை 6.50

டயாலிசிஸில் இருக்கும் ஒரு நோயாளி வியாழக்கிழமை லிஸ்டில் இருக்கார். அவருக்கு?

குளச்சல் மயக்க மருத்துவர் | காலை 7.05

அவருடைய கெட்ட சிறுநீரகம் அயோடினை வெளியேற்றாது, சேர்ந்துகொண்டே போகும். 3 நிமிடம் ஊறி 2 லிட்டரில் கழுவினால் உள்ளே போவது கம்மிதான், ஆனாலும் அவருக்கு இரண்டாவது தடவை ஊற்றுவதைத் தவிருங்கள். காஸில் ஊறவைத்து விட்டுவிடுவதும் வேண்டாம். சர்ஜனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், வியாழன் காலை மேசையில் வைத்துப் பேச வேண்டாம். அவருக்குச் செஃபாசோலின் மறு டோஸ் நேரமும் மாறும், அதை நான் நெஃப்ராலஜியில் கேட்டு எழுதித் தருகிறேன்.

மார்த்தாண்டம் தியேட்டர் சிஸ்டர் | காலை 7.11

சரி டாக்டர். புது வரைவு இன்று மாலை இதே இழையில் போடுகிறேன். முதல் வரி: "பாட்டிலின் சதவீதத்தை இருவர் சத்தமாகப் படிக்கவும்."